பல்கலைக்கழக லத்தீனோ மையத்தில் மாணவர் வழிகாட்டித் திட்டம்: உள்ளே வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வைகைக்கரை

வணக்கம். இல்லினாய் மாநிலத்தில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியலில் பிஎச்.டி. செய்துகொண்டிருக்கிறேன். எங்கள் வளாகத்தில் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வழி வந்த) மாணவர்களுக்கென்று ஒரு பண்பாட்டு மையம் இருக்கிறது. பெயர்தான் மையம், பார்த்தால் பழைய இரண்டு மாடி வீடு. போன கல்வியாண்டில் மாலை நேரங்களில் அங்கே உட்கார்ந்து முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு, வருகிற ஆகஸ்டிலிருந்து அவர்களுடைய வழிகாட்டித் திட்டத்தை நடத்தும் உதவியாளராக வர முடியுமா என்று இயக்குநர் கேட்கிறார். அரைநேர வேலை, கல்விக் கட்டணத் தள்ளுபடி உண்டு.

இப்போது திட்டம் எப்படி நடக்கிறதென்றால், மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் முதலாண்டு மாணவர்கள் இரண்டு மூன்று பேரை ஒப்படைக்கிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் அறிமுக விழா, டாக்கோ, டி-ஷர்ட். எல்லாம் அமர்க்களமாக இருக்கும். அக்டோபர் நடுவில் பார்த்தால் பாதிப் பேர் சந்திப்பதே இல்லை. நவம்பரில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. டிசம்பரில் வீட்டுக்குப் போகிறவர்களில் சிலர் ஜனவரியில் திரும்புவதில்லை.

வருகிறவர்களில் பலர் சிக்காகோவின் பில்சென், லிட்டில் வில்லேஜ் பகுதிகளையும் சிசெரோ, அரோரா, வாக்கீகன் போன்ற ஊர்களையும் சேர்ந்தவர்கள். மெக்சிகோ வழி வந்தவர்கள் அதிகம்; புவேர்ட்டோ ரிக்கோ, குவாத்தமாலா, ஈக்வடார் குடும்பங்களும் உண்டு. வீட்டிலேயே கல்லூரிக்கு வந்த முதல் ஆள் என்பவர்கள்தான் நிறைய.

வழிகாட்டுகிறவர் நிஜமாகவே என்னதான் செய்ய வேண்டும்? உத்வேகப் பேச்சு எனக்கு வராது. மதுரைக்காரி ஒருத்தி இந்த வேலையில் உட்காருவது பொருத்தமா என்ற தயக்கமும் இருக்கிறது.

பனங்காட்டுநரி

சண்டைக்காகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்கிறேன். ஓர் இனத்து மாணவர்களுக்கு மட்டும் தனி வீடு, தனி வழிகாட்டி எதற்கு? நான் எம்.எஸ். படிக்க வந்தபோது எனக்கு ஒரு மையமும் இல்லை. சூட்கேஸோடு வந்து இறங்கினேன், படித்தேன், வேலைக்குப் போனேன். மொழி தெரியாத எங்களுக்கே முடிந்தது. இங்கேயே பிறந்து வளர்ந்து ஆங்கிலம் பேசுகிற பிள்ளைகளுக்கு என்ன குறை?

ஆலமரத்தடி

நரி, உங்களை ஒன்று கேட்கிறேன். சூட்கேஸோடு இறங்கினீர்களே, விமான நிலையத்துக்குக் கார் கொண்டு வந்தது யார்? முதல் வாரம் யார் வீட்டு ஹாலில் படுத்தீர்கள்? எந்தப் பேராசிரியர் பாடத்தை எடுக்கக் கூடாது, எந்த லேபில் காசு இருக்கிறது, சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு எந்த அலுவலகம் என்று சொன்னது யார்? நம் சீனியர்கள். யாஹூ குரூப், அப்புறம் வாட்ஸ்அப் குரூப். நமக்கும் வழிகாட்டித் திட்டம் இருந்தது. அதற்குப் பெயர்ப் பலகை இல்லை, அவ்வளவுதான். அதுவும் நாம் ஒரு பட்டம் முடித்துவிட்டு வந்தோம். பெரும்பாலும் அப்பாவோ மாமாவோ கல்லூரி பார்த்தவர்கள். சிசெரோவிலிருந்து வரும் பெண்ணுக்கு அப்படி ஒரு சீனியர் படையை யார் திரட்டித் தருவது?

இன்னொன்று. இந்த வீடுகளை எந்தப் பல்கலைக்கழகமும் தானாக மனமிரங்கித் தரவில்லை. 1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் உயர்நிலைப் பள்ளிகளில் மெக்சிக அமெரிக்கப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வகுப்பைவிட்டு வெளியேறினார்கள். கல்லூரிக்கு அனுப்பும் பாடங்களைத் தராமல் தொழிற்கல்விப் பக்கம் தள்ளிவிடுகிறார்கள் என்பது அவர்களுடைய முக்கியமான குற்றச்சாட்டுகளில் ஒன்று. அதே ஆண்டு நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரியில் கறுப்பின, லத்தீனோ, ஆசிய, பூர்வகுடி மாணவர்கள் சேர்ந்து தொடங்கிய வேலைநிறுத்தம் 1969 மார்ச் வரை போனது. 1969 ஏப்ரலில் சாந்தா பார்பராவில் சிக்கானோ (மெக்சிக அமெரிக்க) மாணவர்களும் ஆசிரியர்களும் கூடிப் பல்கலைக்கழகங்கள் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு திட்டமே எழுதினார்கள். கிழக்குக் கரையில் புவேர்ட்டோ ரிக்கோ பிள்ளைகளுக்காக அந்தோனியா பாந்தோஹா 1961-லேயே ஆஸ்பீரா என்ற கல்வி உதவி அமைப்பைத் தொடங்கியிருந்தார்.

அந்த அலையில் வந்தவைதான் இந்த மையங்கள். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் 1972, இந்தியானாவில் 1973, உங்கள் மாநிலத்திலேயே அர்பானா-ஷாம்பெய்னில் 1974, ஸ்டான்ஃபோர்டில் 1978. அதோடு முடிந்ததா என்றால் இல்லை. அர்பானாவில் 1992 மே 5 அன்று லத்தீனோ மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. வீடு கிடைத்து அப்போதே பதினெட்டு வருடம்.

பனங்காட்டுநரி

சீனியர் விஷயம் நியாயம். என்னை ஏற்றிக்கொண்டு போன அண்ணனை மறந்தே போயிருந்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. தனி வீடு பற்றிய கேள்வியை இன்னும் கையில் வைத்திருக்கிறேன்.

மேப்பிள்காடு

நான் கனெக்டிகட் பக்கம். ஆலமரத்தடி ஐயா சொன்ன 1972 மையத்தின் முழுப்பெயர் புவேர்ட்டோ ரிக்கன், லத்தீன் அமெரிக்கப் பண்பாட்டு மையம். அங்கே மெத்தாஸ் என்று மாணவரே மாணவருக்கு வழிகாட்டும் திட்டம் இருக்கிறது. யேலில் உள்ள லா காசா, கவிஞர் ஹூலியா தெ புர்கோஸ் பெயரைத் தாங்கியது. அங்கேயும் முதலாண்டினருக்கு மூத்த மாணவர்களைத் துணையாகத் தருகிறார்கள். ஆக, வைகைக்கரை புதிதாகச் சக்கரம் செய்ய வேண்டியதில்லை.

என் அனுபவத்தில் இந்தத் திட்டங்கள் அக்டோபரில் சாவதற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. சந்தித்தால் என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. "எப்படிப் போகுது?" "நல்லாப் போகுது." முடிந்தது. வேதியியலில் 38 வாங்கிய பிள்ளை, ஸ்காலர்ஷிப்பில் படிக்கிற அக்காவிடம் "நல்லாப் போகுது" என்றுதான் சொல்லும்.

அதனால் பேச்சை நம்பாதீர்கள், வேலையைக் கொடுங்கள். நான்காம் வாரம்: இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பேராசிரியரின் ஆபீஸ் அவர்ஸுக்கு (மாணவர்கள் சந்தேகம் கேட்க அவர் ஒதுக்கும் நேரம்) போக வேண்டும். "போ" என்று சொல்வதல்ல, கூடவே போய்க் கதவைத் தட்டுவது. ஏழாம் வாரம்: மிட்டெர்ம் தாளை மேசையில் விரித்துவைத்து எங்கே மதிப்பெண் போனதென்று பார்ப்பது. அடுத்த செமஸ்டர் பதிவு திறப்பதற்கு முன்: கணக்கில் ஏதாவது ஹோல்டு (பதிவு செய்யவிடாத தடை) இருக்கிறதா என்று ஒன்றாக லாகின் செய்து பார்ப்பது. இப்படி ஒரு காரியம் கையில் இருந்தால் பேச்சு தானாக வரும்.

கலிபோர்னியாவின் புவென்தே திட்டத்தைப் பாருங்கள். 1981-இல் ஹேவர்டு ஊரில் ஷாபோ கல்லூரியில் ஃபீலிக்ஸ் கலாவிஸ் என்ற ஆலோசகரும் பாட்ரீசியா மெக்ராத் என்ற ஆங்கில ஆசிரியரும் தொடங்கியது. லத்தீனோ மாணவர்களின் மதிப்பெண் பட்டியல்களைக் கட்டுக்கட்டாக உட்கார்ந்து பார்த்தார்கள். ஆலோசகரைப் பார்ப்பதில்லை, கல்லூரித் தரத்து எழுத்துப் பாடத்தைத் தவிர்த்துவிடுகிறார்கள், வீட்டில் முதல் ஆள் என்ற மூன்றும் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. உடனே எழுத்து வகுப்பு, ஆலோசகர், ஊரில் வேலை பார்க்கும் லத்தீனோ வழிகாட்டி மூன்றையும் ஒன்றாகக் கட்டிவிட்டார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் ஓடுகிறது. நீங்கள் புள்ளியியல்காரர், முதலில் உங்கள் மையத்துப் பிள்ளைகள் எந்தப் பாடத்தில் விழுகிறார்கள் என்று பாருங்கள். விழாவுக்கு பலூன் வாங்குவதெல்லாம் அப்புறம்.

தயிர்சாதம்

ஹாய், இங்கே ஒரே அண்டர்கிராஜுவேட் நான்தான் போல. நேப்பர்வில்லில் வளர்ந்தவள், என் எழுத்துத் தமிழைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ரூம்மேட் சிசெரோ பெண். அவளோடு போய்ப் போய் நானும் எங்கள் கேம்பஸ் லத்தீனோ ஹவுஸில் பாதி குடியிருக்கிறேன். யாரும் இதுவரை "நீ யார்" என்று கேட்டதில்லை.

பெரியவர்கள் திட்டம், கட்டமைப்பு என்று பேசுகிறீர்கள். பிள்ளைகள் எதற்கு வருகிறார்கள் தெரியுமா? மைக்ரோவேவ். இலவச பிரிண்டர். இரண்டு வகுப்புக்கு நடுவில் சோபாவில் தூங்க. வீட்டிலிருந்து தினமும் வந்து போகிறவர்களுக்கு வளாகத்தில் பையை வைக்கக்கூட இடமில்லை, அதற்கும் இங்கேதான். பிரிண்டருக்கு வரிசையில் நிற்கும்போதுதான் "நீ எந்த செக்‌ஷன்? அந்த ஆள்கிட்டயா? ஐயோ, இந்த வெள்ளிக்குள்ள மாத்திடு" என்ற பேச்செல்லாம் நடக்கும். என் ரூம்மேட்டுக்கு அதிகாரபூர்வ மென்ட்டார் ஒருத்தர் இருந்தார், பெயர்கூட ஞாபகமில்லை அவளுக்கு. அவளை உயிரியலில் காப்பாற்றியது சோபாவில் பக்கத்தில் தூங்கின ஒரு ஜூனியர், அதாவது மூன்றாம் ஆண்டு மாணவர்.

அப்புறம் தயவுசெய்து ஈமெயில் அனுப்பாதீர்கள். யாரும் பார்ப்பதில்லை.

மேப்பிள்காடு

தயிர்சாதம், சோபா எல்லோரையும் காப்பாற்றாது. உள்ளே வரத் தைரியம் இருக்கிறவர்களுக்குத்தான் சோபா. கதவுவரை வந்து, உள்ளே எல்லோரும் ஏற்கெனவே நண்பர்களாக இருப்பதைப் பார்த்துத் திரும்பிப் போகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைத் தேடிப் போகத்தான் பெயர்ப்பட்டியலும் ஜோடியும்.

தயிர்சாதம்

அதுவும் சரிதான். நானே முதல் தடவை தனியாக வந்திருந்தால் வாசலோடு ஓடியிருப்பேன்.

கணக்குப்பிள்ளை

நான் ஒரு பல்கலைக்கழகத்தின் நிதியுதவி அலுவலகத்தில் இருக்கிறேன். எந்த வளாகம் என்று சொல்ல மாட்டேன். ஜனவரியில் திரும்பாத பிள்ளைகளைப் பற்றி வைகைக்கரை சொன்னார். அந்தப் பிள்ளைகளில் பலர் என் மேசையைத் தாண்டித்தான் போகிறார்கள். படிப்பு வராமல் போகிறவர்களைவிட, ஒரு படிவமோ ஒரு தேதியோ தெரியாமல் போகிறவர்கள் அதிகம் என்பது என் எண்ணம். எனவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் மூத்த மாணவர்களுக்குக் கட்டாயம் தெரிய வேண்டியது ஒரு செமஸ்டருக்கு 12 கிரெடிட் என்ற எண். அதற்குக் கீழே இறங்கினால் முழுநேர மாணவர் இல்லை. கஷ்டமான பாடத்தை விட்டுவிடலாம் என்று நட்பாக யோசனை சொல்லும் முன் எத்தனை கிரெடிட் மிச்சமிருக்கும் என்று எண்ண வேண்டும். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மத்திய அரசு தரும் பெல் மானியம் (இப்போது ஆண்டுக்கு அதிகபட்சம் 7,395 டாலர்) எடுக்கும் கிரெடிட்டுக்கு ஏற்பக் குறையும். எடுத்த கிரெடிட்டுகளில் சுமார் 67 சதவீதத்தையாவது தேறியிருக்க வேண்டும், சராசரி 2.0 வேண்டும் என்பதுதான் பெரும்பாலான இடங்களில் விதி. இல்லாவிட்டால் எச்சரிக்கை, அப்புறம் உதவி நிறுத்தம். நிறுத்திவிட்டால் மேல்முறையீடு உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. அப்பாவுக்கு அறுவை சிகிச்சை, அம்மாவுக்கு வேலை போனது, தம்பி தங்கைகளைப் பார்க்க வாரம் மூன்று நாள் ஊருக்குப் போனேன் என்பதெல்லாம் செல்லுபடியாகும் காரணங்கள். ஆவணத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்து உதவுவது இருக்கிறதே, அதைவிடப் பெரிய வழிகாட்டல் எனக்குத் தெரியவில்லை.

செமஸ்டர் நடுவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற பிள்ளையிடம் ஒன்று சொல்லுங்கள்: பருவத்தின் 60 சதவீத நாள் தாண்டும் முன் முழுதாக விலகினால் மத்திய அரசு உதவியில் ஒரு பகுதியைத் திருப்பவேண்டி வரும். அது பல்கலைக்கழகத்துக்குக் கடனாக மாறி, ஹோல்டாக மாறி, திரும்பி வரும் வழியையே அடைத்துவிடும். சில வாரம் கழித்து விலகியிருந்தால் அந்தக் கடனே வந்திருக்காது என்ற கதை எங்கள் அலுவலகத்தில் சாதாரணம்.

அடுத்து ஃபாஃப்சா, அதாவது மத்திய அரசு நிதியுதவிக்கான விண்ணப்பப் படிவம். பிள்ளை அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர், பெற்றோருக்குக் காகிதம் (சட்டப்படி நாட்டில் தங்கும் அனுமதி) இல்லை என்ற குடும்பங்கள் நிறைய. பிள்ளைக்கு முழுத் தகுதி உண்டு. ஆனால் 2024-25க்கான புதிய படிவம் 2023 டிசம்பர் கடைசியில்தான் திறந்தது; திறந்தபோது சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாத பெற்றோரால் தங்கள் பகுதியை முடிக்கவே முடியவில்லை. எத்தனையோ பேர் அத்தோடு விட்டுவிட்டார்கள். இப்போது வேறு பயம்: அப்பா பெயரை அரசாங்கப் படிவத்தில் எழுதலாமா? இதற்கு நீங்களோ உங்கள் மூத்த மாணவரோ பதில் சொல்லவே கூடாது. குடிவரவு வழக்கறிஞரிடம் அனுப்புங்கள். இல்லினாயில் மத்திய அரசு உதவிக்குத் தகுதியில்லாத மாணவர்கள், 2020-லிருந்து ரைஸ் சட்டப்படி மாநில மானியத்துக்குத் தனிப் படிவத்தில் விண்ணப்பிக்கலாம். இதை உங்கள் மாணவர்களிடம் விசாரித்துப் பாருங்கள், பாதிப் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

யாரிடமும் "உனக்குப் பேப்பர் இருக்கா?" என்று கேட்காதீர்கள். அவர்களே சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். நோட்டில், ஈமெயிலில், கூகுள் ஷீட்டில் எழுதாதீர்கள். இதை மட்டும் முதல் நாள் பயிற்சியில் உரக்கச் சொல்லுங்கள்.

வைகைக்கரை

கணக்குப்பிள்ளை, உங்கள் பதிவை அப்படியே அச்சடித்து இயக்குநரிடம் கொடுக்கலாமா? கூகுள் ஷீட் விஷயம் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. இங்கே எல்லாம் ஷீட்டில்தான் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை

தாராளமாக. முதலில் அந்த ஷீட்டில் "குறிப்புகள்" என்று ஒரு பத்தி இருந்தால் போய்ப் பாருங்கள்.

நெய்தல்

என் கணவரின் குடும்பம் எல் சால்வடோரிலிருந்து வந்தது. 1980களில் அங்கே உள்நாட்டுப் போர். மாமியார் வயிற்றுப் பிள்ளையோடு லாஸ் ஏஞ்சலஸ் வந்து சேர்ந்தவர். நான் உயர்நிலைப் பள்ளியில் ஆலோசகர். இந்தப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிவைக்கிற முனையில் இருப்பவள் என்பதால் சொல்கிறேன்.

வாரக் கடைசியில் வீட்டுக்குப் போகாதே, வளாகத்திலேயே இருந்து பழகு என்று பல வழிகாட்டிகள் அறிவுரை சொல்கிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் அந்தப் பெண் வீட்டுக்குப் போவது விளையாட இல்லை. அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் மருத்துவர் சொல்வதை ஸ்பானிஷில் சொல்ல வேண்டும், வந்த கடிதங்களைப் படித்துச் சொல்ல வேண்டும், தம்பிக்கு வீட்டுப்பாடம். குடும்பமா படிப்பா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னால் குடும்பத்தைத்தான் தேர்ந்தெடுப்பாள். நாமாக இருந்தால் வேறென்ன செய்வோம்? எந்த ஞாயிறு போகலாம், எந்த ஞாயிறு தேர்வு என்று அம்மாவிடமே காலண்டரைக் காட்டிப் பேசுவது பலன் தரும். குடும்பங்களை மையத்துக்கு வரவழையுங்கள். ஸ்பானிஷில் ஒரு மணி நேரம்: கிரெடிட் என்றால் என்ன, ஃபைனல்ஸ் வாரம் என்றால் என்ன, பிள்ளை போனை எடுக்காவிட்டால் ஏன் பதற வேண்டாம். 1974-லிருந்து இருக்கிற தனியுரிமைச் சட்டப்படி பிள்ளையின் மதிப்பெண்ணைப் பல்கலைக்கழகம் பெற்றோரிடம் சும்மா சொல்லிவிடாது என்பதையும் முன்பே விளக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்கள்.

எல்லோரையும் ஒரே சட்டியில் போடாமல் இருப்பதும் முக்கியம். புவேர்ட்டோ ரிக்கோ பிள்ளை குடியேறியவர் இல்லை. 1917-லிருந்து அவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். 2017-இல் மரியா புயலுக்குப் பிறகு தீவைவிட்டு வந்த குடும்பங்களின் கதை வேறு. குவாத்தமாலா பிள்ளையின் வீட்டில் கிச்சே அல்லது கஞ்ஞோபால் என்ற மாயா மொழி பேசலாம், அம்மாவுக்கு ஸ்பானிஷே இரண்டாம் மொழி. தொமினிக்கன் கறுப்பினப் பெண்ணிடம் "நீ லத்தீனாவா?" என்று மையத்துக்குள்ளேயே யாராவது கேட்டுவிடுவார்கள். பிரேசில் பையனுக்கு ஸ்பானிஷ் வராது. சிக்காகோவில் மூன்றாம் தலைமுறைப் பிள்ளைக்கும் ஸ்பானிஷ் வராது. அவனைத்தான் அதிகம் கிண்டல் செய்வார்கள், அவன் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு மறுவாரம் வராமல் போவான். கூட்டங்களை எந்த மொழியில் நடத்துகிறீர்கள் என்பதை யோசியுங்கள்.

ஹூஸ்டன்வெயில்

டெக்ஸாஸிலிருந்து ஒரு குரல். உங்களுக்கு இல்லினாய், கொடுத்துவைத்தவர்கள். இங்கே 2023-இல், அரசுப் பல்கலைக்கழகங்களில் பன்முகத்தன்மை (டி.இ.ஐ.) அலுவலகங்களைத் தடை செய்யும் எஸ்.பி. 17 சட்டம் வந்தது, 2024 ஜனவரி 1 முதல் அமல். ஆஸ்டினில் உள்ள டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் பல இன மாணவர்களுக்கும் பொதுவாக இருந்த மையத்தை மூடினார்கள். ஏப்ரலில் இப்படிப்பட்ட வேலைகளைப் பார்த்துவந்த துறையே கலைக்கப்பட்டு அறுபது பேர் அளவில் வேலை போனது. காகிதமில்லாத மாணவர்களுக்கு உதவிய மோனார்க் திட்டமும் போய்விட்டது. யூட்டாவிலும் 2024-இல் இதே கதை. 2001-லிருந்து டெக்ஸாஸில் காகிதமில்லாத பிள்ளைகள் உள்ளூர்க் கட்டணத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். 2025 ஜூனில் அதுவும் நீதிமன்றத்தில் ஒரே நாளில் முடிந்தது.

அழுவதற்காகச் சொல்லவில்லை. எஸ்.பி. 17 மாணவர் சங்கங்களைத் தொடவில்லை, வகுப்பறைப் பாடத்தைத் தொடவில்லை. அதனால் பிள்ளைகள் சங்கமாகச் சேர்ந்து தாங்களே சில காரியங்களை நடத்துகிறார்கள். ஆனால் சம்பளம் வாங்கும் ஊழியர் இல்லை, சாவி இல்லை, சாப்பாட்டுக்குக் காசு இல்லை. எந்தப் பேராசிரியர் உதவுவார், எந்த அலுவலகத்தில் யாரைக் கேட்பது என்ற அறிவெல்லாம் வேலை போனவர்களின் தலையோடு போய்விட்டது. எனவே வைகைக்கரை, நீங்கள் செய்வதையெல்லாம் எழுதி வையுங்கள். பிள்ளைகளின் ரகசியத்தை இல்லை, வேலை முறையை. அடுத்த ஆள் கையில் அது இருக்க வேண்டும். எல்லா இன மாணவரும் வரலாம் என்பது காகிதத்திலும் நடைமுறையிலும் தெளிவாக இருக்கட்டும். தயிர்சாதத்தை யாரும் விரட்டவில்லையே, அதுதான் நரியின் தனி வீடு கேள்விக்கும் பதில்.

பணம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். இளநிலை மாணவர்களில் குறைந்தது 25 சதவீதம் ஹிஸ்பானிக் (லத்தீனோ) இருக்கும் கல்லூரிகளுக்கென்று இருந்த மத்திய அரசு மானியத்தை 2025 செப்டம்பரில் நிறுத்தினார்கள். அதை நம்பி ஆள் வைத்த இடங்கள் நடுத்தெருவில் நின்றன.

பனங்காட்டுநரி

சரி, வீடு விஷயத்தில் தோற்றுப்போனேன். இன்னொரு சந்தேகம் மட்டும். அந்த வீட்டுக்குள்ளேயே பிள்ளைகள் சுகமாக உட்கார்ந்துவிட்டால்? என் டீமுக்கு ஆள் எடுக்கிறேன். ஆராய்ச்சி, இன்டர்ன்ஷிப் செய்த பிள்ளைகளைத்தான் கம்பெனிகள் பார்க்கும். சோபா நல்லதுதான், ஆனால் லேபுக்கு யார் அனுப்புவது?

ஆலமரத்தடி

இது நல்ல கேள்வி, மையங்களை நேசிக்கிறவர்களும் கேட்க வேண்டிய கேள்வி. மையத்தில் வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் மாணவர் நலத்துறை ஆட்கள். வேதியியல் லேபில் யாரைப் பார்த்து எப்படி இடம் கேட்பது என்பது அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம். வைகைக்கரையின் தயக்கத்துக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. அம்மா, நீங்கள் புள்ளியியல் துறையின் உள்ளே இருக்கிறீர்கள். எந்தப் பேராசிரியர் இளநிலை மாணவரைச் சேர்த்துக்கொள்வார், விண்ணப்பத்தில் என்ன எழுத வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். முதல் தலைமுறை மாணவர்களை ஆராய்ச்சிக்கும் பிஎச்.டி.க்கும் தயார்செய்யும் மெக்நேர் திட்டம் உங்கள் வளாகத்தில் இருந்தால் அந்த ஒருங்கிணைப்பாளரை வாரம் ஒருமுறை அந்த வீட்டிலேயே வந்து உட்காரச் சொல்லுங்கள்.

நீங்கள் தமிழர் என்பது தடையில்லை. ஸ்டான்ஃபோர்டின் அமாதோ பதீயா 1994-இல் இதற்கு "பண்பாட்டு வரி" என்று பெயர் வைத்தார்: சிறுபான்மைப் பேராசிரியர் ஒருவர் இருந்தால் எல்லாக் கமிட்டியும், எல்லா அழுகிற பிள்ளைகளும் அவர் தலையில்தான். உங்கள் வளாகத்தில் இருக்கிற நாலைந்து லத்தீனோ பேராசிரியர்களின் தோளிலிருந்து படிவம், அட்டவணை, கணக்கு இவற்றை நீங்கள் எடுத்துக்கொண்டால் அவர்களுக்குப் பிள்ளைகளோடு உட்கார நேரம் கிடைக்கும். அந்த வேலையை எடுங்கள். "உங்கள் கஷ்டம் எனக்கும் தெரியும்" என்று மட்டும் மைக் பிடித்துப் பேசாதீர்கள்.

நெய்தல்

ஐயா சொன்ன வரி மாணவர்களுக்கும் பொருந்தும். மூத்த மாணவர்களும் முதல் தலைமுறைதான், அவர்களுக்கும் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு யாரோ அழுதுகொண்டு கூப்பிட்டால் எடுத்துப் பேசுவார்கள், யாரிடமும் சொல்ல மாட்டார்கள். மனநல ஆலோசனை மையத்தின் எண், எப்போது ஊழியரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்ற எல்லை, இரண்டையும் ஆகஸ்டிலேயே தெளிவாக்குங்கள். எல்லாவற்றையும் ரகசியமாக வைப்பேன் என்று அவர்கள் யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது. பல்கலைக்கழகச் சம்பளம் வாங்கினால் சில விஷயங்களைத் தெரிவித்தே ஆக வேண்டிய கடமை வரலாம்.

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. இயக்குநரிடம் பேசினேன், வேலையை ஒப்புக்கொண்டேன். ஷீட்டில் நிஜமாகவே "குறிப்புகள்" பத்தி இருந்தது, இப்போது இல்லை. அறிமுக விழாவின் பட்ஜெட்டில் பாதியை நான்காம் வாரம் முதல் எட்டாம் வாரம் வரையிலான சந்திப்புகளுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். மேப்பிள்காடு சொன்ன காரியங்களோடு சேர்த்துத்தான் சாப்பாடு. செப்டம்பரில் சனிக்கிழமை ஒன்றில் குடும்பங்கள் வருகிறார்கள், ஸ்பானிஷில் நடத்தப் போவது இயக்குநரும் மாணவர்களும். பிரிண்டருக்கு மை என் பொறுப்பு.

ஒன்றில் மட்டும் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. மூத்த மாணவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்கிறேன். அவர், இது சமூகத்துக்குத் திருப்பிக் கொடுப்பது, காசு வந்தால் மனசு மாறும் என்கிறார். அவர் தன் காலத்தில் இலவசமாகச் செய்தவர். கொடுப்பதானால் மணிக்கூலியா, செமஸ்டருக்கு ஒரு தொகையா?

தயிர்சாதம்

காசு வந்தால் மனசு மாறாது, ஷிஃப்ட் மாறும். என் ரூம்மேட் வாரம் இருபது மணி நேரம் கடையில் நிற்கிறாள். ஐந்து மணி நேரத்துக்கு மையம் சம்பளம் கொடுத்தால் அந்த ஐந்து மணி நேரம் கடைக்குப் போக மாட்டாள்.

கணக்குப்பிள்ளை

மணிக்கூலியே நல்லது. ஸ்காலர்ஷிப் மாதிரி ஒரு தொகையாகக் கொடுத்தால் அது நிதியுதவிக் கணக்கில் சேர்ந்து, ஏற்கெனவே கிடைக்கும் ஏதாவது ஒன்றைக் குறைத்துவிடலாம். மையத்தின் சொந்தப் பணத்திலிருந்து சாதாரணச் சம்பளமாகக் கொடுத்தால் அந்தச் சிக்கல் இல்லை. மத்திய அரசின் ஒர்க்-ஸ்டடியில் (மாணவர் சம்பளத்தில் பெரும்பகுதியை அரசு தரும் திட்டம்) போட்டால் செலவு மிச்சம், ஆனால் டாக்கா (சிறுவயதில் காகிதமில்லாமல் வந்தவர்களுக்குத் தற்காலிகப் பாதுகாப்பும் வேலை அனுமதியும் தரும் DACA திட்டம்) மாணவர்களுக்கு அது கிடையாது. வேலை அனுமதி கையில் இருந்தால் அவர்களை மையத்தின் பணத்தில் எடுக்கலாம். அனுமதியே இல்லாதவர்களுக்கு ஸ்காலர்ஷிப்பா, பாடமாக்கிக் கிரெடிட்டா என்பதைப் பல்கலைக்கழக வழக்கறிஞர்கள்தான் சொல்ல வேண்டும். ஆட்களைத் தேர்ந்தெடுத்த பிறகு போகாதீர்கள், இந்த மாதமே போங்கள். அவர்கள் பதில் போட ஆகஸ்ட் ஆகிவிடும்.